பிரசங்கத்தை முடிக்கிறவள்

லோவிசா,
இன்றைக்கு ஒரு மணி பத்து நிமிஷம் பேசினேன்.
நிறுத்த ஆள் இல்லை.

முப்பத்தெட்டு வருஷம்,
இருபத்தைந்தாவது நிமிஷம் தாண்டினால்
உன் ஆர்மோனியத்திலிருந்து ஒற்றை ஸ்வரம் எழும்,
பூனை கதவைத் தள்ளுவதுபோல.
ஆவியானவர் அசைவாடுகிறார் என்று
சபை கண்ணை மூடிக்கொள்ளும்.
அதற்கு அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்:
போதும், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது.
எத்தனை முறை மோசேயை நடுக்கடலில் விட்டுவிட்டு
ஜெபிப்போமாக என்றிருக்கிறேன்!
இன்றைக்கு அத்தனை பேரையும் கரையேற்றினேன்,
ஆடுமாடு உட்பட.
அதற்கப்புறமும் பேசிக்கொண்டிருந்தேன்.

மோல்மேனில் மழை பிடித்து மூன்று வாரமாகிறது.
இந்த மாதத்தில் நீ ஆர்மோனியத்தின் வயிற்றுக்குள்
தகர டப்பாவில் சூட்டுக்கரி வைப்பாய்.
கரப்பான் தின்ற தோலுக்கு
என் பழைய லுங்கியைக் கிழித்துச்
சோற்றுப்பசையால் ஒட்டுப்போட்டாய்.
ஆண்டவருக்கு முன் என் லுங்கி பாடுகிறது என்று
நான் கேலி செய்தேன்.
உன் லுங்கிதான் சுருதி சேர்ந்து பாடுகிறது என்றாய்.

பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வந்தது,
படிக்க வரவில்லை.
பாட்டையெல்லாம் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாய்,
நாற்பது பக்க நோட்டில், நீல மையில்.
ழகரத்துக்கு அங்கே எழுத்து கிடையாது.
வாழ்த்து என்று பாடச் சொன்னால்
வாய்த்து என்று பாடினார்கள்.
ஒரு ராத்திரி முழுக்க யோசித்து
நீயே ஒரு எழுத்து உண்டாக்கினாய்,
சுருண்ட இறால் மாதிரி.
உலகத்தில் பதினேழு பேருக்கு மட்டும் தெரிந்த எழுத்து.
உன் பெட்டியின்மேல் வைத்த மாலை அட்டையில்
யாரோ ஒரு பிள்ளை அதை எழுதியிருந்தது.
அங்கேதான் நான் உடைந்தேன்.
அதற்குமுன் நன்றாகத்தான் நின்றேன்.

வீட்டு ஜெபத்தில் நாலு குரல் பிரித்தாய்:
நீ மேலே, பெர்சிஸ் நடுவில்,
தேவநேசன் டெனர், நான் அடியில் கரகரவென்று.
தேவநேசன் பினாங்குக்கு வேலைக்குப் போன அன்றும்
அதே பாட்டைத்தான் எடுத்தாய்.
டெனர் தனியாக வரும் இடத்தில்
மூன்று பேரும் வாய்மூடி எட்டுத் தட்டு எண்ணினோம்.
சுவரில் பல்லி.
வெளியே தவளை.
அந்த எட்டுத் தட்டை
பதினொரு வருஷம் யாரையும் நிரப்ப விடவில்லை நீ.
அடக்கத்துக்கு வந்தவன்
அந்த இடம் வந்தபோது பாட முடியாமல் நின்றான்.
நாங்கள் பழக்கத்தில் எண்ணினோம்.

பக்கத்து வீட்டு டோ தீன் ஷ்வே
லஃபெட் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.
சயாகதோ சனிக்கிழமை ராத்திரி பழகுவாளே,
அன்றைக்குத்தான் என் புருஷன் இருமாமல் தூங்குவார்,
என்றாள்.
புத்தருக்கு முன் உனக்கு ஒரு விளக்கு வைத்திருக்கிறாளாம்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
கமிட்டி கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, பிரசங்கத்துக்கு வருகிறேன்.
கடைசி வரிசைக் குழந்தை அழுதது.
மூப்பர் ஆசீர் கைக்கடிகாரத்தைத் திருகினார்.
எனக்கு வாக்கியம் எங்கே முடியும் என்று தெரியவில்லை.
பாதியில் விட்டு இறங்கி
உன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.
வெள்ளைக் கட்டைகளில் இரண்டு மட்டும் மஞ்சள்,
உன் விரலின் தனகா.
அதில் ஒன்றை அழுத்தினேன்.
சத்தம் வரவில்லை.
பலமாக அழுத்தினேன்.
மர ஓசை மட்டும்.

பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால்
நீ இடுப்புக்கு மேலேதான் தெரிவாய்.
இத்தனை வருஷம் உன் விரல்களையே பார்த்திருந்தேன்.
கீழே உன் கால்கள்
மிதித்துக்கொண்டே இருந்தன போலிருக்கிறது.

குனிந்து தேடினேன்.
உன் செருப்பு அங்கேயே கிடந்தது.
யாரோ ஆமென் சொன்னார்கள்.